மேற்கோள்குறி அண்ணை

வால்தம்ஸ்டோவில் கற்பக விநாயகர் கோயில் வாசலிலோ சந்தைத் தெருவிலோ யாராவது கைபேசியைத் தட்டித் தட்டிச் சலித்துப்போய் நின்றால், முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்கும்.

"என்ன தம்பி தேடுறீர்?"

"மொறிஸ், அண்ணை. பிள்ளையின்ரை பள்ளிக்கூட வேலை."

"ஒரு சொல்லைப் போட்டால் உலகத்து மொறிஸ் முழுக்க வந்து நிக்கும். முழுப்பேரைப் போடும்."

முழுப்பேரும் தீராத வில்லங்கம். சுவர்த்தாளில் பூவும் குருவியும் வரைந்த வில்லியம் மொறிஸ் 1834 இல் இங்கே வால்தம்ஸ்டோவில் பிறந்தவர். 1877 இல் பிறந்த மற்ற வில்லியம் மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்டில் கார் செய்தவர். யாழ்ப்பாணத்தானுக்கு மொறிஸ் மைனர்தான் முதலில் கண்ணில் படும். அண்ணைக்கு இதைவிடத் திருவிழா உண்டா?

"மூண்டாவதா ஊர்ப்பேர்!" என்பார். பிறகு இரண்டு கையிலும் இவ்விரண்டு விரலைத் தூக்கிக் காற்றில் கொக்கி போடுவார். "பேருக்கு இப்பிடிக் குறி போட்டால், அந்தச் சொல்லுகள் அதே வரிசையிலை ஒட்டி நிக்கிற பக்கம்தான் வரும். இல்லாட்டி ஒண்டு தலையிலை, ஒண்டு வாலிலை கிடக்கும்."

ஆளைச் சிரித்துத் தள்ளவும் முடியாது. ஊரில் நாங்கள் ஆள் தேடியதே இப்படித்தான். வெறும் கந்தசாமி என்றால் எந்தக் கந்தசாமி என்பார்கள். "சங்கக்கடைப் பின் ஒழுங்கை, சைக்கிள் திருத்துற கந்தசாமியின்ரை மூத்த மருமகன்" என்றால் படலை வரை கொண்டுபோய் விடுவார்கள்.

அண்ணைக்கு நிறுத்தத் தெரியாது, அதுதான் வியாதி. சந்தையில், "முளைக்காத, சின்ன, சிவப்பு வெங்காயம், கிலோ இரண்டு பவுணுக்குள்ளை இருக்கோ?" என்பார். கடைக்காரப் பெடியன் ஒற்றைச் சொல்லில் முடிப்பான்: "இல்லை."

ஒருநாள், "லண்டன் மீனிலை பத்துப் பேருக்கு உறைப்புக் குறைஞ்ச ஒடியல் கூழ்" என்று முழுவதையும் குறிக்குள் அடைத்துத் தேடினாராம். ஒன்றும் வரவில்லை. "உலகத்திலை ஒருத்தரும் இதைக் காய்ச்சேல்லை" என்று அடுப்படிக்குள் போய் அறிவித்தார். அக்கா அதைத்தான் காய்ச்சிக்கொண்டு நின்றா.

ஆனாலும் அவர் சொல்லில் பிழையில்லை: மூன்று நாலு சொல் போதும், குறி பேருக்கு மட்டும். லொயிட் பூங்காவில் இருக்கும் வில்லியம் மொறிஸ் காட்சியகத்துக்குப் போகிறவர்கள் 'திறக்கும் நாள்' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். அனுமதி இலவசம், திங்கட்கிழமை பூட்டு.