பச்சைப் பட்டியலில் நிலக்கரி

2015 டிசம்பரில் சீன மத்திய வங்கி ஒரு பட்டியல் வெளியிட்டது. எந்தெந்தத் திட்டங்களுக்குப் பசுமைப் பத்திரம் போட்டுக் கடன் திரட்டலாம் என்பதுதான் விஷயம். காற்றாலை, சூரிய மின்சாரம், மெட்ரோ ரயில் என்று அமர்ந்திருந்த பந்தியில் நிலக்கரியும் இலை போட்டு உட்கார்ந்திருந்தது. சாதா நிலக்கரி இல்லை, ‘தூய்மையான’ நிலக்கரி. குளித்துவிட்டு வந்ததால் அனுமதி. அதே மாதம் வந்த இன்னொரு அரசு வழிகாட்டுதல், நிறுவனங்கள் திரட்டும் தொகையில் பாதி வரை பழைய வங்கிக் கடனை அடைக்கவும் அன்றாடச் செலவுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. வட்டி கட்டுவதுகூடச் சுற்றுச்சூழல் சேவையாகிவிட்டது.

புதிய அனல்மின் நிலையம் பழையதைவிடக் குறைவாகப் புகைக்கும், மின்சாரப் பசியுள்ள நாட்டுக்கு அது லாபம்தானே என்பார்கள். யூனிட் கணக்கில் உண்மைதான். ஆனால் இன்று கட்டும் கொதிகலன் 30, 40 ஆண்டுகள் எரியும். கடன் தீர்ந்த பிறகும் புகை தீராது. அதற்காகப் பசுமை நிதியே ஏமாற்று என்று ஒதுக்கவும் முடியாது. சூரியத் தகடு உலகம் முழுக்க மலிந்ததில் சீன வங்கிக் கடனுக்குப் பெரும்பங்கு உண்டு. கோளாறு பணத்தில் இல்லை, பட்டியல் எழுதிய பேனாவில். 2021இல் திருத்திய பட்டியலிலிருந்து நிலக்கரியை எழுப்பிவிட்டார்கள். திரட்டும் பணம் முழுவதும் பசுமைத் திட்டத்துக்கே போக வேண்டும் என்ற நெறிமுறை அடுத்த ஆண்டு வந்தது. அதற்குமுன் நிலக்கரிக்குக் கொடுத்த கடனைப் பசுமைக் கணக்கில் எழுதிக்கொண்டவர்களிடம் மட்டும் யாரும் பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.