பல் போன சுல்தான்

டெல்லியில் துருக்கிய சுல்தான்கள் கொடி பறக்கவிட்ட காலத்தில், நம்ம தூத்துக்குடிக் கடற்கரையும் 12 வருஷம் அவர்கள் கணக்கில் இருந்தது. மாகாணத்தின் பெயர் மாபார், தலைநகரம் மதுரை. அத்தனை தூரம் வர அவர்களுக்கு என்ன தலையெழுத்து என்றால், பாண்டியன் கஜானாவின் புகழ் அப்படி.

அந்தக் கஜானாவின் லட்சணத்தைக் கேளுங்கள். காயல் துறையில் அரபுக் குதிரை வந்து இறங்கும். ஒன்றுக்கு 220 பொன் தினார். நடுக்கடலில் செத்த குதிரைக்கும் அரசனே பணம் கொடுத்தான் என்று பாரசீகத்து வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். பிழைத்து வந்ததற்கு நம்மவர்கள் சோறும் கறியும் போட்டார்கள். லாடம் அடிக்கத் தெரிந்த எவனும் இந்தப் பக்கம் தலைகாட்டாதபடி வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்கள் என்பது மார்க்கோ போலோ சொல்லும் சேதி. குதிரை சாக, அடுத்த கப்பல் வர, வியாபாரம் அமோகம்.

முத்துக்குளிப்பு இன்னும் விசேஷம். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று. சாயங்காலம் ஆனதும் அவர் கட்டை அவிழ்த்துவிடுவார். ராத்திரியில் எவனும் திருட்டுத்தனமாகக் குதித்துவிடக் கூடாதே! மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் சிப்பி பொறுக்கியவன் கூலிக்காரன்.

1310இல் தகப்பன் குலசேகரனைக் கொன்றுவிட்டு சுந்தர பாண்டியன் அண்ணன் தம்பிச் சண்டையில் இறங்க, மறுவருஷமே டெல்லித் தளபதி மாலிக் காபூர் வந்து வாரிக்கொண்டு போனார். 1323இல் டெல்லியின் துக்ளக் வம்சத்தார் வந்து ஒரேயடியாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த கையோடு ஒரு தப்பும் செய்தார்கள்: ஜலாலுதீன் அஹ்சான் என்பவரிடம் மாகாணத்தை ஒப்படைத்தார்கள். 1335வாக்கில் அவர் தன் பெயரிலேயே காசு அடித்து, 'நானே சுல்தான்' என்றுவிட்டார்.

டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார். வாரங்கல்லில் கொள்ளைநோய் படையைப் புரட்டிப் போட்டது. திரும்பும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் பீட் பக்கம், கடித்த பல்லும் விழுந்தது! அதைச் சகல மரியாதையோடு புதைத்து, மேலே கல்லறையும் கட்டினாராம், சொல்வது வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்டா. பல் போனால் சொல் போச்சு. மாபாரில் டெல்லியின் சொல் அதற்குப் பிறகு எடுபடவேயில்லை.

சில வருஷம் கழித்து, இலங்கையிலிருந்து வந்த கப்பல் உடைந்து மாபார் கரையில் ஒதுங்கினார் மொராக்கோப் பயணி இப்னு பதூதா. அஹ்சானின் மாப்பிள்ளை அவர். அப்போதைய மதுரை சுல்தான் கியாசுதீன் தம்கானியும் இன்னொரு மாப்பிள்ளை. சகலபாடிகள் இரண்டு பேரும் உட்கார்ந்து போட்ட திட்டம், மாலத்தீவைப் பிடிப்பது! கடற்படைத் தலைவர் மட்டும், மூன்று மாசம் போகாமல் கப்பல் விட முடியாது என்று கையை விரித்தார். அதற்குள் ஒரு யோகி கொடுத்த ஆண்மை மாத்திரையை அளவுக்கு மேல் விழுங்கி சுல்தான் படுத்தார். மாத்திரையில் இரும்புத்தூள் இருந்ததாம். அடுத்து வந்த கொள்ளைநோயோ மதுரையையே உலுக்கியது. தம்கானியும் போய்ச் சேர்ந்தார். புது சுல்தான் கப்பல் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். பதூதாவுக்கோ காய்ச்சல், ஊரை விட்டால் போதும் என்று கொல்லத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். மாலத்தீவு தப்பித்தது.