ஓசியில் ஒரு குத்து

தூர்தர்ஷனிலேயே தொழில்முறைக் குத்துச்சண்டையை ஓசியில் காட்டினால் குடியா முழுகிவிடும்?
– ஒரு வாசகர், அடி அண்ணாமலை

பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் ‘சுற்று’ ஒன்றை வாசலில் நின்றே ஓசியில் பார்ப்பவர் கேட்டால் மறுக்க முடியுமா! 1980-ல் முகமது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு ஆடினாரே, அதுபோலக் காட்சிச் சண்டை என்றால் தாராளமாகப் போடலாம். (சீரியல் மாமியார்கள் கொடுக்காத குத்தா?)

நிஜச் சண்டை வேறு. 1982 நவம்பரில் ரே மான்சினியிடம் 14-வது சுற்றில் விழுந்த கொரிய வீரர் டுக் கூ கிம்மை அமெரிக்கா சிபிஎஸ்ஸில் காசில்லாமல்தான் பார்த்தது. சில நாளில் கிம் இறந்தார். அதன் பிறகே உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12-க்கு இறங்கின. இலவச டிவிகளும் மெல்ல நழுவ, சண்டை கட்டணச் சேனலுக்குப் போனது. அங்கே மட்டும் குத்து மெதுவாகவா விழுகிறது?