ஒழுகும் வீட்டுக்கு ஒரு டாப்-அப்
பழைய வீட்டின் சன்ஷேடு பெயர்ந்து கம்பி பல்லிளித்தால், இருக்கிற வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றி, மேலே ஒரு டாப்-அப்பும் வாங்கிச் சரிசெய்யலாம் என்பார்கள். மதிப்பீட்டாளர் வருவார். காபி குடித்தபடியே சுவரைத் தட்டுவார்; காரை அவர் டம்ளரிலேயே விழும். "கட்டடத்துக்கு ஆயுசு கம்மி சார், மனைக்குத்தான் மதிப்பு." ஒழுகுகிறதே என்று கடன் கேட்டால், ஒழுகுகிறதே என்று தொகையைக் குறைப்பார்கள். பிறகு 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், தாத்தாவின் வாரிசுச் சான்று, புராசசிங் கட்டணம். வருமான வரித்துறைக்கும் கருணை உண்டு: குடியிருக்கும் வீட்டை வாங்கிய கடன் வட்டிக்குப் பழைய வரிமுறையில் 2 லட்சம் வரை கழிவு, பழுதுபார்த்த கடன் வட்டிக்கு 30,000. இத்தனை காகிதமும் சேர்வதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். பிளாஸ்டிக் வாளி இரண்டு வாங்கி வைப்பது உத்தமம். அதற்கு யாரும் வில்லங்கம் பார்ப்பதில்லை.