ரப்பர்ப்பாலுக்கு ஓர் உரை

பாயிரம் இல்லாததைப் பண்டிதர்கள் நூலென்று ஏற்பதில்லை. ஆகவே சுருக்கமாக ஒன்று. நுதலிய பொருள்: ஆல் வீல் டிரைவ் கொண்ட வேகக் காருக்கு மாற்று டயர் தேரும் முறைமை. எடுத்துக்காட்டு வாகனம்: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. எல்லை: வடக்கே கியூபெக், கிழக்கே கனெக்டிகட் ஆறு, மேற்கே சாம்ப்ளேன் ஏரி, தெற்கே மாசச்சூசெட்ஸ், இவற்றுக்கு இடைப்பட்ட, மலையும் வளைவும் நெடும்பனியும் உடைய வெர்மான்ட் மாநிலம். கேட்போர்: அக்காரை வைத்திருப்போர். பயன்: நான்கு டயர். அந்தக் காரை எதற்காக வாங்கினார் என்ற கேள்வி இந்நூலுக்குப் புறத்தது. அது அவரவர் வீட்டில் ஏற்கெனவே எழுந்து, விடை காணாமல் நிற்கிறது.

மாற்று டயர் ஆராய்ச்சி பெரும்பாலும் ஓர் ஆணியில் தொடங்குகிறது. ஒழுங்காகத் தேய்ந்து மொட்டையாகும் டயரை யாரும் ஆராய்வதில்லை. அதன் முடிவு முன்கூட்டியே தெரிவதால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆணி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. தரையைத் தொடும் நடுப்பகுதியில் ஆறு மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஓட்டை என்றால் பஞ்சர் ஒட்டலாம். தோளிலோ பக்கச் சுவரிலோ ஏறினால் ஒட்டக் கூடாது. இது அமெரிக்கத் தொழில்விதி. ஆணிகளும் இவ்விதியை நன்கு கற்றிருக்கின்றன. நடுவில் ஏறுவதே இல்லை. இங்கே முதல் நூற்பா பிறக்கிறது:

ஒன்று கெடினே நான்கும் கெடுமே
நாற்சக் கரமும் விசைகொள் ஊர்திக்கு.

இதனால் சொல்லியது யாதோ எனின், சாதாரணக் காரில் ஒரு டயர் போனால் ஒன்று வாங்கலாம். மனம் உறுத்தினால் இரண்டு வாங்கலாம். ஆல் வீல் டிரைவ் காரில் அப்படி முடியாது. ஏன் முடியாது என்பதற்குக் கணக்கு உண்டு. எஸ்டிஐக்கு உரிய அளவுகளுள் ஒன்று 245/40ஆர்18. இதன் விட்டம் 653 மில்லிமீட்டர், சுற்றளவு 2,052. புது டயரில் பள்ளத்தின் ஆழம் 8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதில் 4 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவில் 25 மில்லிமீட்டர் குறையும். அதாவது ஒரு கிலோமீட்டர் தூரத்தைப் புது டயர் 487 சுற்றில் கடக்கும். அதன் பக்கத்திலுள்ள பழைய டயருக்கு 493 சுற்று வேண்டும்.

ஆறு சுற்றில் என்ன வந்துவிடப்போகிறது என்று மாணாக்கர் கேட்பர். வருவது டிஃபரன்ஷியலுக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்தக் கருவி, வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதைச் சமாளிக்கப் பிறந்தது. வளைவு முடிந்ததும் அதற்கு ஓய்வு. நேர்ச்சாலையிலும் வேறுபாடு ஓயாமல் தொடர்ந்தால், கார் முடிவேயில்லாத வளைவொன்றில் போய்க்கொண்டிருப்பதாக அது முடிவுகட்டிவிடும். எண்ணெய் சூடேறும், உள்ளிருக்கும் கிளட்ச் தேயும், கடைசியில் வரும் பில்லுக்குப் பக்கத்தில் டயர் விலை தர்மக் காசாகத் தெரியும். ஆகவே நான்கு டயர்களின் சுற்றளவிலும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்று சுபாரு வரம்பு கட்டியிருக்கிறது. கால் அங்குலச் சுற்றளவைத் தேய்மானமாக மாற்றினால் கிடைப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர். பழைய மூன்று டயர்களோடு புதிதாக ஒன்று சேர்ந்து வாழ அனுமதிக்கப்பட்ட இடைவெளி அவ்வளவுதான்.

இவ்விதிக்குப் புறனடை ஒன்றுண்டு. புது டயரை இயந்திரத்தில் மாட்டி, மற்ற மூன்றின் உயரத்துக்கு வருமளவும் சீவித் தருபவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பந்தயக்காரர்களுக்காக ஏற்பட்ட கலை இது. காசு கொடுத்து வாங்கிய ரப்பரை, மேலும் காசு கொடுத்துச் சீவிக் குப்பையில் போடுவது கேட்க எப்படியோ இருந்தாலும், நான்கு வாங்குவதற்கு ஒன்றைச் சீவுவது மலிவு. ஆயினும் பெரும்பாலோர் இதை நாடுவதில்லை. அவர்கள் ஆணி ஏறிய அன்றே மனத்தளவில் நான்குக்குத் தயாராகிவிட்டார்கள். அதற்கு மேலும் சிலர் அந்த ஆணிக்காகக் காத்தே இருந்தார்கள் என்று கருத இடமுண்டு.

இனி எழுத்து. டயரின் பக்கச் சுவர் ஒரு கல்வெட்டு. 245 என்பது அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் சதவீதத்தில். ஆர் என்பது ரேடியல். மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை கோரிய அமைப்பு. 18 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் பிரெஞ்சு அளவையும் ஆங்கில அளவையும் ஒரு சதவீதமும் சண்டையின்றி அமர்ந்திருப்பது வேறெந்தச் சாசனத்திலும் காணக் கிடைக்காது. அதையடுத்து 97ஒய் என்று ஒரு குறி. 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் தாங்கும். வெர்மான்டின் நெடுஞ்சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர். மீதி 195 கிலோமீட்டர் உரிமையாளரின் உள்ளத்துக்காக ஒதுக்கப்பட்டது.

வேகக் குறிகளின் வரிசையில் ஒரு மயக்கம் இருக்கிறது. எஸ் 180, டி 190, யூ 200 என்று ஆங்கில நெடுங்கணக்கின்படி ஏறிவந்த எழுத்துகள், 210க்கு வரும்போது திடீரென்று பின்னால் பாய்ந்து எச்சைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு ஒன்றும் நடவாததுபோல் 240க்கு வி. இதற்கு அமைதி கூற முயன்றவர் பலர். பழைய குறிகள் சிலவற்றை முதலில் வைத்துவிட்டு, பிறகு இடையில் புதியனவற்றைச் செருகியதால் வந்த வழு என்பது பொருந்தும் விளக்கம்.

பிறந்த குறிப்பும் அதே சுவரில் உண்டு. டாட் என்று தொடங்கும் நீண்ட தொடரின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. நட்சத்திரம் மட்டும்தான் இல்லை. முற்றிய ஆராய்ச்சியாளர் கடைக்குப் போனதும் முதலில் கேட்பது இதைத்தான். நான்கும் ஒரே வாரத்தில் பிறந்திருந்தால் முகம் மலரும். ஒன்று மட்டும் பதினோரு வாரம் மூத்தது என்றால் அன்றிரவு தூக்கம் இராது. பதினோரு வார மூப்பால் ரப்பருக்கு நேர்வது எதுவுமில்லை என்று சொல்வோர் சொல்லட்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது டிரெட்வேர் என்னும் தேய்மான எண். இதன் பிறப்பிடம் டெக்சஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரம். அங்கே 400 மைல் நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதையில், சோதனை டயர் பூட்டிய கார்களை ஊர்வலமாக 7,200 மைல் ஓட்டி, அளவுகோலாக வைத்த ஒரு டயரோடு தேய்மானத்தை ஒப்பிடுவார்கள். அளவுகோலுக்கு 100 என்றால் அதைப்போல் இரு மடங்கு உழைப்பது 200. இதுவரை விஞ்ஞானம். இதன்பின், கிடைத்த முடிவைக் கொண்டு டயரில் எந்த எண்ணைப் பொறிப்பது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். உள்ளதைவிடக் குறைத்துப் போட்டுக்கொள்ளவும் தடையில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 300ஐ மற்றொன்றின் 300ஓடு ஒப்பிடுவது வீண். பிறகு ஒரு திருப்பம் நேர்ந்தது. சாலை டயர்களுக்கான சில போட்டிப் பிரிவுகளில், தேய்மான எண் 200க்குக் குறைந்த டயர் கூடாது என்று மோட்டார் பந்தயச் சங்கங்கள் விதித்தன. பசைபோல் ஒட்டும் பந்தய ரப்பரை விலக்குவது நோக்கம். விளைவு, ஒட்டும் டயர்கள் பலவும் மிகச் சரியாக 200 என்ற எண்ணோடு சந்தைக்கு வந்தன. 199ம் இல்லை, 210ம் இல்லை. இயற்கையின் ஒழுங்கை வியப்பவர்களுக்கு இது ஒரு நல்ல சான்று.

சொல்லதிகாரம் சிறியது, ஏனெனில் இத்துறையில் வழங்கும் சொற்றொடர் ஒன்றே: "எனக்கு ஆல் வீல் டிரைவ் இருக்கிறது." பனியில் கோடை டயரோடு கிளம்புபவர் சொல்வது இது. பள்ளத்தில் இறங்கி நின்ற பின் சொல்வதும் இதுவே. இரண்டாம் முறை மட்டும் வினாவின் தொனி ஏறும். உண்மையில் ஆல் வீல் டிரைவ் செய்வது ஒரே காரியம்: எஞ்சின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கிளப்பிவிடுவது. பிரேக் பிடிக்கும்போது உலகில் எல்லாக் காரும் நாற்சக்கர வாகனமே. பத்து வயதான முன்சக்கர விசைக் காருக்கும் எஸ்டிஐக்கும் அங்கே பேதமில்லை. நிற்பது, திரும்புவது இரண்டையும் தீர்மானிப்பது தரையைத் தொடும் ரப்பர். இன்னும் சொன்னால், நன்றாகக் கிளம்பும் கார் ஓட்டுபவருக்குச் சாலை வழுக்குகிறது என்ற செய்தியையே சொல்லாமல் மறைக்கிறது. முன்சக்கரக் காரில் முதல் சிக்னலிலேயே சக்கரம் சுழன்று எச்சரிக்கும். எஸ்டிஐ எச்சரிப்பது முதல் வளைவில்.

ஆகவே பொருளதிகாரத்தில் முதலில் பேச வேண்டியது பெரும்பொழுது. நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பகுத்தனர். டயர் நூலார் மூன்றாகச் சுருக்கினர்: கோடை, பனி, எல்லாக் காலமும். ரப்பரின் குணம் இதற்குக் காரணம். சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தும் முறையைக் கண்டுபிடிக்கும்வரை, ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். (அவர் 1860இல் கடனோடு இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1898இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் தோன்றியபோது, அவருக்கோ குடும்பத்துக்கோ அதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆராய்ச்சியால் பொருள் சேரும் என்று நம்புவோர் இதைக் குறித்துக்கொள்க.) அந்தப் பிறவிக் குணம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கோடை டயரின் ரப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இறுகத் தொடங்கும். உறைபனியில் அதை ஓட்டினால் வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பனி டயரின் ரப்பர் அதே குளிரில் நெகிழ்ந்து நிற்கும். ஜூலை மாதத்தில் மெழுகாகத் தேயும். பனி டயரை உலகுக்குத் தந்தது பின்லாந்து. நோக்கியா என்னும் ஊரில் 1934இல் லாரிகளுக்கு, 1936இல் கார்களுக்கு. அவ்வூரின் பெயரைப் பின்னாளில் கைபேசி எடுத்துக்கொண்டது.

எல்லாக் காலமும் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் மூன்றாம் வகையைப் பற்றி இரு தரப்பு உண்டு. ஒரு சாரார் அதை ஞானம் என்பர்; மறு சாரார் கோழைத்தனம் என்பர். எம் கருத்து, அதில் பொறித்திருக்கும் குறியைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது. எம் பிளஸ் எஸ் என்றிருந்தால் சேறும் பனியும் என்று பொருள். அது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது, சோதனை தேவையில்லை. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்திருந்தால் பனித்தரையில் சோதித்துத் தேறியது. ஜெர்மனி 2024 அக்டோபர் முதல் முன்னதை ஏற்பதில்லை. இவ்வகையில் நேர்மைக்கு இலக்கணமாக ஒரு டயரைச் சொல்லலாம்: கான்டினென்டலின் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ். அதன் மேற்பரப்பில் டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்துகள். வறண்ட தரை, ஈரத் தரை, பனித் தரை. தேயத் தேய முதலில் எஸ் மறையும்; இனிப் பனியில் போகாதே. பிறகு டபிள்யூ மறையும், மழையிலும் போகாதே. தன் தகுதிகளை ஒவ்வொன்றாகத் தானே திரும்ப ஒப்படைக்கும் பொருள் வேறெதுவும் யாம் கண்டதில்லை, பதவியில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான்.

எல்லை கடந்தால் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயம். ஆராய்ச்சி மிச்சம். வெர்மான்டில் அந்தக் கட்டாயம் இல்லாததால் ஆராய்ச்சி தழைக்கிறது. எஸ்டிஐ உரிமையாளர் எதைத் தேர்கிறார் என்பதைக் கூர்ந்து நோக்கினால், அவர் காருக்கு டயர் பார்ப்பதில்லை என்பது விளங்கும். தினமும் அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் போகிறவருக்கு எல்லாக் கால டயர் போதும். ஆனால் அவர் டயர் வாங்குவது, ஞாயிறு அதிகாலையில் ஆளற்ற மலைச்சாலையில் போகவிருக்கும் வேறொருவருக்கு. அந்த வேறொருவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் தயாராக இருக்க வேண்டுமல்லவா? ஆகவே மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற கோடை டயர் ஒரு செட், பனிக்கு வேறொரு செட். நான்கு சக்கரத்துக்கும் விசை இருந்தால் கவலை விட்டது என்று வாங்கிய காருக்கு ஆக மொத்தம் எட்டு டயர். நான்கு ஓடும், நான்கு வீட்டின் நிலவறையில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்கி நிற்கும். அந்த இடத்தைப் பற்றியும் வீட்டில் ஒரு வழக்கு நிலுவையில் உண்டு.

கோடை டயர் ஒரு செட் ஆயிரம் டாலரைச் சுற்றி நிற்கும் என்பதால் ஆராய்ச்சி வாரக்கணக்கில் நீளும். ஈரத்தரைப் பிரேக் தூரம், பக்கச் சுவரின் விறைப்பு, இரைச்சலின் டெசிபெல் என்று அட்டவணைகள் தயாராகும். கடைசியில் முடிவை எடுப்பது கடையிலுள்ள இருப்பு. 245/40ஆர்18இல் கேட்டது வர மூன்று வாரம் ஆகும். அட்டவணையில் நான்காம் இடத்திலிருந்தது நான்கும் இப்போதே இருக்கிறது. நான்காம் இடத்து டயருக்கு அதுவரை யாரும் கவனிக்காத சிறப்புகள் பல இருப்பது அந்தக் கணத்தில் புலப்படும்.

மாட்டியாயிற்று, அலைன்மென்ட் பார்த்தாயிற்று. அப்போது கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். புது டயரின் மேல் வார்ப்பச்சிலிருந்து கழற்றப் பூசிய வழவழப்பு மிச்சமிருக்கும். ஆகவே முதல் 500 மைல் வேகமாகக் கிளம்ப வேண்டாம், அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டாம், வளைவில் மெதுவாகப் போகவும் என்று அதில் இருக்கும். ஆண்டிலேயே மிகுந்த பிடிப்புக்காகப் பணம் கட்டியவர் ஊரிலேயே மிக மெதுவாக வீடு திரும்புவார். ஆணி ஏறியது செப்டம்பரில், ஆராய்ச்சி முடிந்தது அக்டோபர் நடுவில் என்றால், அவர் ஓட்டும் அளவுக்கு அந்த 500 மைல் நவம்பர் முதல் வாரத்தில் நிறைவுறும். பனி டயர் மாட்டக் கடையில் முன்பதிவு செய்திருப்பது இரண்டாம் வாரத்துக்கு.