கோட்டாட்சியர் அலுவலகத்தில் செய்முறைத் தேர்வு

ஒரு மக்கள் குழுவைப் புரிந்துகொள்ள வேண்டுமா, அவர்களோடு வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்றுக்கொள் என்கிறது மானிடவியல் இளங்கலையின் முதல் பாடம். முதல் உலகப் போர்க் காலத்தில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி டிரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துக் கிடந்தார். பாவம், விவரம் போதாத மனிதர்! நம்மூர்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்திருப்பார்கள்.

"குலசாமி பேரென்ன? செத்தா எரிப்பீங்களா, புதைப்பீங்களா? பாம்பு பிடிப்பியா? எங்க, உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசு."

பழங்குடிச் சான்றிதழ் கேட்டு எதிரே நிற்பவள் காட்டுநாயக்கர் வீட்டுப் பெண். பிளஸ் டூ தேறியவள். பாம்பென்றால் பயம் என்று உண்மையைச் சொல்லித் தொலைக்கிறாள். போச்சு. பண்பாடு மாறிக்கொண்டே இருக்கும் என்று எழுதினால் கல்லூரியில் மதிப்பெண். மாறிக் காட்டினால் இங்கே சான்றிதழ் கிடையாது. பல்துறை அணுகுமுறை என்று பாடத்திட்டம் பீற்றிக்கொள்கிறதே, அவளுக்கு வாய்த்த பல்துறை இதுதான்: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர். மானிடவியல் படிக்க வேண்டுமென்றாலும் முதலில் மானிடவியலிடம் தப்பி வர வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் அந்த மக்களைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 'காலனியப் பார்வை' என்று அவரைக் கிழித்துத் தொங்கவிட்டுப் பட்டம் வாங்குகிறோம். அவரிடம் அளவுகோலாவது இருந்தது. இந்த அதிகாரிகளிடம் இருப்பது சந்தேகம் மட்டும்.

போலிகளைப் பிடிக்கத்தான் இந்த விசாரணையாம். 1994இல் உச்ச நீதிமன்றமே தெய்வம், சடங்கு, திருமண முறை, ஈமமுறை எல்லாவற்றையும் ஆராயச் சொன்னது. போலிகளுக்குக் காசும் ஆளும் உண்டு, கேள்விக்குப் பதிலும் மனப்பாடம். மாட்டிக்கொள்பவன் அசல். 2022 அக்டோபரில், பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காத ஒரு தந்தை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்துச் செத்தார். இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் இருக்கிறது?

இப்படிக் குலவழக்கத்தைத் துருவிக் கேட்பது முடிவான உரைகல் ஆகாது என்று 2023 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மானிடவியல் பேராசிரியர்களே, கருத்தரங்கில் கட்டுரை வாசித்தது போதும். அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணோடு ஒரு நாள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் நில்லுங்கள்.