மருமவனுக்குப் படம் காட்டுதல்

வாடே மருமவனே. கக்கத்துல என்ன குழாய்? இன்னொரு பழைய படமா? இதுக்கு மேலயும் எந்தங்கச்சி உனக்குச் சோறு போடுதான்னா, அது அவ பெருந்தன்மை.

விரி, பாப்போம். அட, இந்தியாவுக்கு வாலையே காணுமே! கன்னியாகுமரி எங்கடே? இலங்கை மட்டும் பரங்கிக்காய் கணக்கா ஊதிப்போய்க் கெடக்கு. தாலமியா? சரிதான். 2-ஆம் நூத்தாண்டுல அலெக்சாண்டிரியாவுல உக்காந்துகிட்டு, போனவன் வந்தவன் சொன்னதக் கேட்டு எழுதுன மனுசன். அத 1477-ல இத்தாலியில, பொலோனியாவுல, செப்புத் தகட்டுல வெட்டி அச்சாப் போட்டானுவ. அது போதாதுன்னு பெறவு வந்தவனுவ கலிபோர்னியாவத் தீவுன்னு நூறு வருசத்துக்கு மேல வரஞ்சானுவ. கடைசியில 1747-ல ஸ்பெயின் ராசாவே, 'அது தீவு இல்லய்யா'ன்னு உத்தரவு போடும்படி ஆச்சு. இப்ப அந்தத் தப்புப் படத்துக்குத்தான் அடிதடி. நம்ம சர்வேயர் உன் வயல்ல ரெண்டு லிங்க்ஸ் தப்பா அளந்தா கோர்ட்டுக்குப் போற. வெள்ளக்காரன் தேசத்தையே தப்பா அளந்தா கண்ணாடி போட்டு மாட்டுத!

இனி கடைக்குப் போனா மாமா சொல்லுதபடி நடந்துக்கோ. படத்தப் பின்பக்கம் திருப்பாத, யாவாரி மனசு நொந்துரும். பின்னால லத்தீனோ டச்சோ இருந்தா அட்லஸ்லருந்து கிழிச்சதுன்னு தெரிஞ்சுபோவும். முழு ஆட்ட விக்கிறதவிடக் கூறு போட்டா லாபம், கறிக்கடைக் கணக்குதான். வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்காத. 1750-க்கு முந்துன ஐரோப்பாக் காயிதம்னா உள்ளுக்குள்ள கோரப்பாய் மாதிரி கோடு ஓடும். ஓடலன்னா உனக்கு ராத்திரி தூக்கம் போயிரும். விரலால தடவவும் வேண்டாம். தகட்ட வச்சு நெருக்குன அச்சுன்னா படத்தச் சுத்திப் பள்ளம் விழும், மை மேடு தட்டும்.

பழுப்பா இருந்தா பழசுன்னு கண்ண மூடி நம்பிரு. தேயிலத் தண்ணி என்ன, அவ்வளவு கிராக்கியா? அந்தக் காலத்துக் காயிதம் கந்தத்துணிய இடிச்சு ஊத்துனது, நானூறு வருசம் அசராது. மரக்கூழுல பொறந்த முந்தாநாள் தினசரிக்குத்தான் மஞ்சக்காமால.

லென்சு மட்டும் கொண்டு போயிராத. முப்பது வருசம் சிவகாசியில காலண்டர் ஆபீசுல லென்ச கண்ணுல ஒட்டிகிட்டு நின்னவன் நான். முருகன் கன்னத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்: நீலம், சிவப்பு, மஞ்ச, கருப்புன்னு வரிசை வரிசையாப் புள்ளி. உன் முந்நூறு வருசத்துப் படத்துல அந்தப் புள்ளி தெரிஞ்சா, அது நானே ஓட்டுனதாக்கூட இருக்கலாம்.

நம்ம பாபநாசம் அருவி ஒண்ணு வாங்குனியே, அது வேற சங்கதி. டேனியல்னு ஒரு சித்தப்பனும் அண்ணன் மவனும் 1792-ல இந்தப் பக்கம் வந்து பாத்து வரஞ்சது. ஊருக்குப் போய் 1795-லருந்து 1808 வரைக்கும் 144 படம் போட்டானுவ. தகட்டுல பிசின்பொடி தூவி, அமிலத்துல அரிச்சு, அச்சுக்கு மேல தூரியால வண்ணம் தீட்டுன வேல. அதுக்கு நீ கொட்டிக் குடுத்த துட்டுக்கு ஆயுசு பூரா பஸ் ஏறிப் போய்க் குளிச்சிருக்கலாம்.

அத எங்க மாட்டிருக்க? சன்னலுக்கு எதுத்தாப்புலயா? கூறுகெட்டவனே, வெயில் வண்ணத்தக் குடிச்சிருமே! லேமினேஷன் வேற போடப் போறியா? போடு போடு, பெறவு சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில விரிச்சுக்கலாம்.

வேண்டாம்டே. சட்டத்தோட இங்க கொண்டாந்துரு. என் கட்டிலுக்கு மேல வெயிலே விழாது.